குறுக்கே போகும் சாலைகள்: செங்கல்பட்டுக் குன்றூர்களும் மாமல்லைக் கடலோரமும்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு இரண்டு பெரிய சாலைகள் உண்டு. ஜி.எஸ்.டி. சாலை தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம் வழியாகத் திண்டிவனத்துக்கு இறங்குகிறது. ஈ.சி.ஆர். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் என்று கடலை ஒட்டியே புதுச்சேரிக்குப் போகிறது. இரண்டுமே வடக்கு தெற்காக ஓடுபவை. இரண்டுக்கும் நடுவே, நேர்க்கோட்டில் அளந்தால் முப்பது கிலோமீட்டர்கூட அகலம் இல்லாத ஒரு நிலம் கிடக்கிறது. மொட்டைப் பாறைக் குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் ஏரி, ஏரிக்குக் கீழே நெல்வயல், வயலைத் தாண்டி ஒரு சிற்றூர். தினம் ஆயிரக்கணக்கான வண்டிகள் இந்த நிலத்தின் இரு ஓரங்களிலும் பாய்கின்றன. உள்ளே திரும்புகிறவர்கள் மிகக் குறைவு.

இந்த அத்தியாயம் உள்ளே திரும்புகிறவர்களுக்காக. இதன் முழுத் திட்டமும் ஒரே யோசனையில் அடங்கும்: இந்த மாவட்டத்தைக் கிழக்கு மேற்காகக் கடந்து பாருங்கள். பல்லவர் காலத்தில் போக்குவரத்து அப்படித்தான் இருந்தது. தலைநகரம் காஞ்சி மேற்கே. துறைமுகம் மாமல்லை கிழக்கே. இடையில் பாலாறு, ஏரிகள், குன்றுகள். குடைவரைகளும் பாடல் பெற்ற தலங்களும் இந்த இடைநிலத்தில் விரவிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். தண்டவாளமும் நெடுஞ்சாலையும் பிற்பாடு வந்து பயணத்தின் திசையைத் திருப்பிவிட்டன. பழைய திசையில் போனால்தான் ஊர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இங்கே மலை என்று ஊரார் சொல்வது ஏற்காடு போன்ற மலை இல்லை. குளிர் இல்லை, மூடுபனி இல்லை, வளைந்து ஏறும் பேருந்து இல்லை. இவற்றில் பெயர் பெற்ற திருக்கழுக்குன்றமே ஏறத்தாழ ஐந்நூறு அடி உயரம்தான். ஆனால் சமதளத்திலிருந்து திடீரென்று எழுவதால் ஐந்நூறு அடியில் ஏறி நின்றாலே பத்துப் பன்னிரண்டு ஏரிகள் கண்ணில் படும். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே கடலும் ஒரு கோடாகத் தெரியும். உயரம் குறைவு என்று வெயிலை இளப்பமாக நினைத்து வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் அவதிப்படுகிறார்கள். கடல் மட்டத்து வெப்பமும் கடலோரத்துப் புழுக்கமும் பாறையின் சூடும் சேர்ந்து தாக்கும்.

பாறையைப் பற்றி இரண்டு வரி. செங்கல்பட்டுக் குன்றுகள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற மிகப் பழைய, கருநீலச் சாயல் கொண்ட கடினப் பாறை. இதை முதன்முதலில் தனி வகையாக அடையாளம் கண்டு எழுதியவர் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர். அவர் ஆராய்ந்தது பரங்கிமலையையும் பல்லாவரத்தையும். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தக் கல்தான் போயிருக்கிறது. பாறையின் பெயர் அங்கிருந்து வந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தக் குன்றுத் தொடர் பரங்கிமலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வுக்குத் தொடக்கம். ஆகவே ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கைபேசியைப் பையில் போடுங்கள். பல்லாவரம், வண்டலூர், சிங்கப்பெருமாள் கோயில் என்று குன்றுகள் வரிசையாக வரும். செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டி விரியும்.

எப்போது, எப்படி

மார்கழி, தை, மாசி மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்திருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும், வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் பறவைகள் கூடு கட்டிக்கொண்டிருக்கும். கார்த்திகையில் வருகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் கடலோரச் சாலையும் தாழ்வான தரைப்பாலங்களும் ஒரே இரவில் கைவிட்டுவிடும். பங்குனிக்குப் பிறகு வந்தே தீர வேண்டும் என்றால் விடியலில் குன்றேறி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் குன்றேறவே வேண்டாம். அந்த நாட்களில் இந்தப் பகுதி தருவது நுங்கும் பதநீரும் செய்யூர், மதுராந்தகம் பக்கத்துத் தர்பூசணியும். நிழலில் உட்கார்ந்து அவற்றை அனுபவிக்கலாம்.

செங்கல்பட்டைத் தலைமையிடமாகக் கொள்ளுங்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபின் ஊர் வேகமாக வளர்கிறது. ஆனாலும் அதன் உண்மையான பயன் அது ஒரு சந்திப்பாக இருப்பதுதான். மேற்கே காஞ்சிபுரம், கிழக்கே திருக்கழுக்குன்றம், வடகிழக்கே திருப்போரூர், தெற்கே மதுராந்தகம் என்று நாலாபக்கமும் வண்டி கிடைக்கும். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் நடக்கும் தூரம். மாமல்லபுரத்தில் தங்கிக்கொண்டு உள்ளே வந்து போகலாம் என்பது பலர் சொல்லும் யோசனை. அதை நான் பரிந்துரைக்கவில்லை. கடற்கரை விடுதியின் காலை உணவு முடிந்து கிளம்பும்போது குன்றேறும் நேரம் கடந்திருக்கும்.

முகூர்த்த நாட்களைக் காலண்டரில் பார்த்துவிட்டு அறை எடுங்கள். சிற்றூர்களில் விடுதிகளைவிடக் கல்யாண மண்டபங்கள் அதிகம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் உறவினர்களுக்காக இருக்கிற நாலு அறைகளும் நிறைந்துவிடும். மேல்மருவத்தூரில் அறைகள் ஏராளம், ஆனால் அமாவாசை, பௌர்ணமி, தைப்பூசக் காலங்களில் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

பேருந்துதான் இந்த நிலத்துக்கு உரிய வாகனம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. உள்ளூர்ப் பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அதில்தான் போகிறார்கள். ஆகவே காலை வண்டியில் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டம்தான் உங்களுக்கு நல்ல வழிகாட்டி. கைபேசி வரைபடம் தூரத்தைச் சரியாகச் சொல்லும். வண்டி நேரத்தைச் சொல்லாது. நிறுத்தத்தில் பூ கட்டிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், “ஆயா, திருவடிசூலம் வண்டி போயிடுச்சா?” என்று கேளுங்கள். “இன்னும் வர்ல கண்ணு, குந்து. வந்தா நான் சொல்றேன்” என்ற பதில் வரும்; சொன்னபடி சொல்லவும் செய்வார். நடத்துநரிடம் ஏறும்போதே திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். உட்பகுதி ஊர்களுக்குப் பல வண்டிகள் காலையில் சில முறை, மாலையில் சில முறை என்றுதான் போய்வரும். நடுப்பகலில் மாட்டிக்கொண்டால் ஷேர் ஆட்டோ, அதுவும் இல்லாவிட்டால் பிரதான சாலைவரை நடை.

இருசக்கர வாகனத்தில் வருகிறவர்களுக்கு: கல்குவாரி லாரிகள் இந்தச் சாலைகளின் பெரிய ஆபத்து. தார்ப்பாய் மூடாமல் வரும் ஜல்லி லாரியின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், முந்தவும் அவசரப்படாதீர்கள். அறுவடை நாட்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். சக்கரத்தை நெல்மேல் ஏற்றாமல் ஓட்டுவது ஒரு மரியாதை. அது ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு.

பெண்களோடும் முதியவர்களோடும் வருகிறவர்கள் கழிப்பறை வசதியை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பேருந்து நிலையங்களை விட்டால் நடுவில் நம்பத் தகுந்த இடம் அரிது. அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது இந்த வெயிலில் மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

முதல் குறுக்குச் சாலை: செங்கல்பட்டு – திருக்கழுக்குன்றம் – கடல்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்தச் சாலையை எடுங்கள். மொத்தமே முப்பது கிலோமீட்டர் அளவுதான்.

ஊரைத் தாண்டியதும் வல்லம். சிறிய குன்று, அதில் மூன்று குடைவரைகள். பெரிய குடைவரையைச் செய்வித்தவன் தன் பெயரைக் கல்வெட்டில் விட்டிருக்கிறான்: மகேந்திரவர்மப் பல்லவனுக்கு அடியவனான வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன். தமிழில் பொறித்த கல்வெட்டு. ஒரு பேரரசனின் கட்டளையில்லாமல், அவனுக்குக் கீழிருந்த ஒரு சிற்றரசன் வீட்டுப் பிள்ளை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடினப் பாறையைக் குடைய வைத்திருக்கிறான். மாமல்லபுரத்தின் குகைகளைப் பார்ப்பதற்கு முன் வல்லத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பேன். தடித்த சதுரத் தூண்கள், அலங்காரம் குறைந்த முகப்பு, இரண்டு பக்கமும் வாயிற்காவலர். இதைக் கண்ணில் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனால், அடுத்த இரண்டு தலைமுறைகளில் உளி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது யாரும் விளக்காமலே புரியும். வழிபாட்டில் உள்ள கோயில் என்பதால் காலையில் போங்கள். பூட்டியிருந்தால் தெருவில் கேட்டால் குருக்கள் வீட்டைக் காட்டுவார்கள்.

அடுத்து திருக்கழுக்குன்றம். இதற்குக் குறைந்தது அரை நாள் கொடுங்கள். நான்கு கோபுரங்களோடு தாழக்கோயில் ஊர் நடுவே. பக்தவத்சலேசுவரர் அங்கே இருக்கிறார். வேதகிரீசுவரர் குன்றின் உச்சியில். தேவார மூவரும் பாடிய தலம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், ஒரே சீராக, செங்குத்தாக. அடிவாரத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் உள்ள வித்தியாசம் பாதத்துக்குத்தான் தெரியும். குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை எதுவும் தொங்க வேண்டாம். தண்ணீர்ப் புட்டியையும் முதுகுப் பைக்குள் வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை, அங்கங்கே உட்கார்ந்து போகலாம். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும்.

உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு போனது இந்த ஊரின் பெரும் புகழ். பட்சி தீர்த்தம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு இனம். 1998க்குப் பிறகு அவை வரவில்லை. அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் சரிந்துகொண்டிருந்தன. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது பின்னால் தெரியவந்தது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். இந்தக் குன்றின் இரண்டு பறவைகள் எதனால் நின்றன என்று யாரும் ஆய்ந்து சொன்னதில்லை. ஆனால் உச்சியில், அவை வந்து உட்கார்ந்த பாறையை முதியவர்கள் இன்றும் கையை நீட்டிக் காட்டுகிறார்கள். அந்தப் பாறையைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு இனம் அழிவதைப் பற்றிய எந்தக் கட்டுரையையும்விட அந்த வெறும் பாறை மனதை அறுக்கிறது.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம். ஏழாம் நூற்றாண்டுக் குடைவரை. ஏறிய களைப்பில் பெரும்பாலோர் இதைத் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். தூண்களில் ரோமன் எழுத்தில் பெயர்கள் கீறியிருப்பதைத் தேடுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் கீறியவை. கடலோரத்துப் பண்டகசாலையில் துணி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் குன்றைப் பார்க்க இந்தச் சாலையில்தான் வந்திருக்க வேண்டும். கோயில் தூணில் பெயர் கீறியது தவறுதான். இன்று நாம் கீறினால் அது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் இந்தக் கீறல்கள் இப்போது ஆவணம். பிறகு சதுரங்கப்பட்டினக் கல்லறைகளில் இதே காலத்து டச்சுப் பெயர்களைப் பார்க்கும்போது இரண்டு இடங்களும் மனதில் இணையும்.

ஊரில் சங்கு தீர்த்தம் என்ற பெரிய குளம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் சங்கு பிறப்பதாக நம்பிக்கை. குரு கன்னி ராசிக்கு வரும்போது புஷ்கர மேளா. 2016இல் நடந்தது. அந்த நாட்களில் பல லட்சம் பேர் கூடுவார்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது, நீராட வருகிறவர்கள் அதற்காகவே வரட்டும். பௌர்ணமியில் குன்றைச் சுற்றிக் கிரிவலம் உண்டு. அன்று மாலையில் சாலை நெரியும். ஆனால் பாதையோரக் கடைகளும் குடும்பங்களும் நிலவும் சேர்ந்து குன்றை ஊர் எப்படிச் சொந்தம் கொண்டாடுகிறது என்பதைக் காட்டும்.

திருக்கழுக்குன்றத்தில் சாலை பிரியும். இடப்பக்கம் பூஞ்சேரி வழியாக மாமல்லபுரம், நேராகச் சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்தைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் எழுதியிருக்கின்றன. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு யோசனை மட்டும்: அர்ச்சுனன் தபசுக்குப் பின்னால் உள்ள குன்றின்மேல் ஏறி, ஒலக்கணேசுவரர் கோயில் மேடையிலிருந்து மேற்கே பாருங்கள். எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். மேற்கே தெரியும் திட்டுத்திட்டான குன்றுகள்தான் நீங்கள் வந்த வழி.

சதுரங்கப்பட்டினம் வேறு மாதிரியான இடம். பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்தத் திசையில் படம் எடுக்க வேண்டாம், கேட்கிற காவலரிடம் அடையாள அட்டையைக் காட்டத் தயாராக இருங்கள். டச்சுக் கோட்டை செங்கல்லால் ஆனது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் அமைதியாக இருக்கிறது. உள்ளே பண்டகசாலைகள், ஒரு சிறு கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளில் பூவேலையும் குலச்சின்னங்களும் அவ்வளவு நுட்பம். இந்தக் கரைக்கு எதிரே கடலில்தான் 1782 பிப்ரவரி 17இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் ஒரு கிளை, சதுரங்கப்பட்டினத்து மீனவர்களின் கண்முன் நடந்தது. வெளியே வந்தால் மீன் ஏலம் போடும் கரை. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் அதன் சுறுசுறுப்பு கிடைக்கும்.

இரண்டாவது: காட்டுக்குள் போகும் சாலை

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் சாலை காப்புக்காட்டின் ஊடே போகிறது. திருவடிசூலம் இந்த வழியில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருஇடைச்சுரம் இதுதான். நாலாபுறமும் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் ஞானபுரீசுவரர் கோயில். மரகதச் சாயல் கொண்ட லிங்கம். இந்த மாவட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் இரவு அமைதி எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த ஊரைச் சொல்வேன். ஆனால் தங்குவதற்கு வசதி எதிர்பார்க்க வேண்டாம். மாலை வழிபாடு முடிந்து கடைசி வண்டியில் திரும்பிவிடுங்கள்.

இந்தக் காடு பார்வைக்கு வெறும் முட்புதர். காரை, களா, சூரை, நொச்சி, இடையிடையே பனை. ஆனால் இது இருளர்களின் காடு. எந்தச் செடியின் வேர் எதற்கு, எந்தப் புற்றில் எந்தப் பாம்பு என்பது அவர்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு, நாடெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தின் மூலப்பொருள். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த சமூகம், அது தடைசெய்யப்பட்டு வாழ்வு முட்டிய காலத்தில் தன் அறிவையே தொழிலாக மாற்றிக்கொண்ட இடம் அது. நேரம் ஒதுக்கிப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் தண்டரையில் இருளர் பெண்களின் நலச் சங்கம் மூலிகைத் தோட்டம் வைத்திருக்கிறது; முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போனால் செடிகளை அவர்களே காட்டி விளக்குவார்கள்.

மாசி மகத்தின் முந்தின நாள் மாலை மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தால், வட தமிழகம் முழுவதிலுமிருந்து இருளர் குடும்பங்கள் வந்து சேர்வதைப் பார்க்கலாம். சேலைகளைக் கட்டி மணலிலேயே கூடாரம், கன்னியம்மன் வழிபாடு, சாமி வந்து ஆடுதல், விடியலில் கடலோரத்தில் கல்யாணங்கள், காதுகுத்து, மொட்டை. அது அவர்களுடைய குடும்ப விழா. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிற சென்னைக்காரர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்க முடிகிறது. உங்கள் வீட்டுத் தாலிகட்டில் முன்பின் தெரியாத ஒருவர் அப்படி நுழைந்தால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். தள்ளி உட்காருங்கள். யாராவது கூப்பிட்டால் போங்கள். அநேகமாகக் கூப்பிடுவார்கள்.

புதர்க்காட்டில் நடக்கிறவர்களுக்குப் பாம்பைப் பற்றி. மூடிய காலணி, முழுக்கால் சட்டை. கையைப் பாறைப் பிளவில் நுழைக்காதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு, கட்டு விரியன் நான்குமே இங்கே உண்டு. கடிபட்டால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்து கிடைக்கும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை.

பாம்பைவிட அதிகம் எச்சரிக்க வேண்டியது கைவிட்ட கல்குவாரிகள். சாலையிலிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர், செங்குத்துப் பாறை, நடுவே வானம். கோடையில் இளைஞர்கள் குதித்துக் குளிக்க இறங்குகிறார்கள். இவற்றுக்குக் கரை என்பதே கிடையாது. முதல் அடியிலேயே பல ஆள் ஆழம், கீழே உடைகற்கள், ஏறுவதற்குப் பிடிப்பில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் செத்திருக்கிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள், உங்களோடு வரும் பிள்ளைகளையும் விடாதீர்கள். குன்றையே தின்றுவிட்டு விட்டுப்போன குழி அது. முன்பு குன்று இருந்த சில இடங்களில் இப்போது குழிதான் இருக்கிறது என்பதை இந்தச் சாலையில் போகும் யாரும் பார்க்கலாம். இருக்கிற குன்றுகளைப் பார்க்க இப்போதே வாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது: தெற்கே, செய்யூர் வழியாக

மதுராந்தகத்துக்குத் தெற்கே இந்த நிலம் இன்னும் தனிமையாகிறது. அச்சிறுபாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கினால் பாடல் பெற்ற ஆட்சீசுவரர் கோயில் ஊருக்குள்ளேயே; வச்சிரகிரிமேல் சிவன் கோயிலும் மழைமலை மாதா திருத்தலமும். பக்கத்திலேயே பெரும்பேர்க்கண்டிகையில் குன்றின்மேல் முருகன். இந்த வட்டாரத்தில் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் நிறைய. சாணூரில் 1950களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அகழ்ந்திருக்கிறது. ஏரிக்கரை மேட்டில் உருண்டைப் பாறைகள் வட்டமாகப் பதிந்திருப்பதைக் கண்டால் அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரின் நினைவிடமாக இருக்கக்கூடும். மேலே ஏறி உட்காராதீர்கள்; ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள்.

செய்யூர் வட்டத்தில் ஓணம்பாக்கம் என்ற சிற்றூர். அதன் குன்றில் சமணப் படுக்கைகளும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. பார்சுவநாதரின் தலைக்குமேல் நாகம் படம் விரித்திருக்கும். பலகை, டிக்கெட், காவலர் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஊரில் ஒரு பெரியவரையோ பள்ளி விடுமுறையில் இருக்கும் பையனையோ துணைக்கு அழைத்துப் போங்கள். உடன் வந்தவருக்கு ஒரு வேளைக் கூலி கொடுங்கள். “வேணாங்க” என்பார், வற்புறுத்திக் கொடுங்கள். இந்தக் குன்றை இதுவரை காத்துவந்திருப்பது அவர்கள்தான்.

செய்யூரில் கந்தசாமி கோயிலைச் சுற்றி இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு வேதாளம் கல்லில் நிற்கிறது. உங்கள் நட்சத்திரத்துக்குரியதை அர்ச்சகர் காட்டுவார். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. அதற்கப்பால் நிலம் தட்டையாகி உப்பளங்கள் தொடங்கும், சாலை ஈ.சி.ஆரைத் தொடும். முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது.

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையோடு பயணத்தை முடிக்கலாம். முகலாயர் காலத்துத் துறைமுகம்; நாணயச் சாலை இருந்த இடம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமி மிச்சத்தையும் அரித்தது. மதில்மேல் ஏற வேண்டாம், செங்கல் உதிர்கிறது. கீழே கழிமுகம், மீனவர்கள் படகில் எதிர்க்கரை மணல்திட்டுக்குக் கூட்டிப் போவார்கள். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், உயிர்காப்பு மேலங்கி இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் வலுவானது. குளிக்க இறங்கக் கூடாது. கோட்டையிலிருந்து கடப்பாக்கம் நிறுத்தத்துக்கு வர ஆட்டோ அரிது என்பதால், கொண்டுவந்து விட்ட ஆட்டோவையே திரும்பவும் வரச் சொல்லிவிடுங்கள். புதுச்சேரி – சென்னை விரைவு வண்டிகளில் சில கடப்பாக்கத்தில் நிற்காது. இருட்டுவதற்குள் சாலைக்கு வந்து, கடைக்காரரிடம் எது நிற்கும் என்று கேட்டுக் கை காட்டுங்கள்.